பாஸ்வேர்ட் மாத்துறதெண்டா முதல்ல ஜிமெயில்ல தொடங்குங்கோ

எங்கட திருகோணமலையில கனபேருக்கு ஜிமெயில் திறந்து குடுத்தது போன் வாங்கின கடையில நிண்ட தம்பிதான். கடையில சனம் நிக்கும், அவரும் அவசரத்தில உங்கட போன் நம்பரையோ பேருக்குப் பின்னால 123ஐயோ பாஸ்வேர்டா அடிச்சுக் குடுத்திருப்பார், அதுக்குப் பிறகு அதை ஒருத்தரும் தொட்டுப் பார்க்கிறேல்ல, ஆனா ஃபேஸ்புக், பாங்க் அப், கனடாவில இருக்கிற மகள் அனுப்பின பேரப்பிள்ளையின்ட படம் எல்லாம் அந்த ஒரு ஜிமெயில்லதான் தொங்கிக்கொண்டு இருக்கும். வேற எந்த இடத்திலயும் "பாஸ்வேர்ட் மறந்திட்டுது" எண்டு அமத்தினா லிங்க் வாறது ஜிமெயிலுக்குத்தானே. அது ஒருத்தன்ட கையில போனா மிச்சமெல்லாம் பின்னாலயே போகும். அதால எல்லாத்தையும் ஒரே நாளில மாத்த வெளிக்கிட்டுக் களைக்காதேங்கோ, இண்டைக்கு ஜிமெயில், நாளைக்கு பாங்க், பிறகு ஃபேஸ்புக், அப்பிடியே போங்கோ.

என்னத்தை வைக்கக் கூடாது எண்டு முதல் சொல்லுறன். போன் நம்பர் 10 இலக்கம், ஆனா முன்னுக்கு உள்ள 3ம் எந்தக் கம்பனி எண்டு எல்லாருக்கும் தெரிஞ்சது, மிச்சம் 7 இலக்கத்துக்கு ஒரு கோடி நம்பர்தான் வரும், களவு போன பாஸ்வேர்ட் லிஸ்ட் ஒண்டைக் கையில வச்சிருக்கிறவன்ட கம்ப்யூட்டருக்கு அது ஒரு வேலையே இல்ல. அடையாள அட்டை நம்பரும் அப்பிடித்தான். பழைய அட்டையில முதல் 2 இலக்கம் பிறந்த வருசம், அடுத்த 3 வருசத்தின்ட எத்தினையாவது நாள் எண்டது, பொம்பிளையளுக்கு அதோட 500 கூட்டியிருக்கும், அப்ப உங்கட பிறந்தநாள் தெரிஞ்சவனுக்குப் பாதி நம்பர் கையில. அதின்ட போட்டோகொப்பியை வேற நாங்க எத்தினை கந்தோரில குடுத்திருக்கிறம்! ஊர்ப் பேரோட 026, கோணேசர் பேரோட 108, பதிகத்தின்ட முதல் வரி, இதெல்லாம் வேண்டாம். எல்லாருக்கும் பாடமான வரி எவ்வளவு நீளமெண்டாலும் அது ரகசியமில்ல. 2009இல ரொக்யூ எண்ட கம்பனியில இருந்து 3 கோடி 20 லட்சம் பாஸ்வேர்ட் வெளியில வந்தது, அதில ஆகக்கூடப் பேர் வச்சிருந்தது 123456. அந்த மாதிரி லிஸ்டுகளைத்தான் கள்ளன்மார் முதல்ல போட்டுப் பார்க்கிறது.

இப்ப எப்பிடி வைக்கிறது? ஒரு புத்தகத்தையோ பேப்பரையோ எடுங்கோ, கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கத்தைத் திறந்து விரலை வையுங்கோ, அதில உள்ள சொல்லை எழுதுங்கோ, அப்பிடியே ஒண்டுக்கொண்டு சம்பந்தமில்லாம அஞ்சு சொல் எடுங்கோ. சூடை, ஏணி, கச்சான், திரைச்சீலை, வெள்ளிக்கிழமை. (இதையே வச்சிடாதேங்கோ, இது இப்ப எல்லாரும் வாசிச்சாச்சு.) மனசால நினைச்சு எடுத்தா கோயில், மணி, தேர் எண்டு ஒரே வழியிலதான் போகும், அதுக்குத்தான் கண்ணை மூடச் சொல்லுறன். அதை இங்கிலீஷ் எழுத்தில நடுவில கோடு போட்டு அடியுங்கோ, தமிழ் எழுத்தில அடிச்சா சில இடத்தில எடுக்காது, வேற போனில தமிழ் கீபோர்டும் இருக்காது. ஒண்டு மட்டும் கவனம்: சூடையில ஊ எழுத்தை எப்பிடி எழுதுறது, கச்சானுக்கு எத்தினை சி எண்டு முதலே முடிவெடுத்துக் கடுதாசியில எழுதிப் பாருங்கோ, இல்லாட்டி ரெண்டு மாசம் கழிச்சு நீங்களே வெளியில நிப்பீங்க. மூண்டு மாசத்துக்கு ஒருக்கா மாத்தத் தேவையில்ல, அமெரிக்காவின்ட தர நிர்ணய நிறுவனம் நிஸ்ட்டே 2017இல அப்பிடிக் கட்டாயப்படுத்த வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டுது. வெளியில போயிட்டுது எண்டு தெரிஞ்சா உடனே மாத்துங்கோ.

ஒரே பாஸ்வேர்டை ரெண்டு இடத்தில வைக்கவே வேண்டாம். எங்கயோ ஒரு சின்ன சைட்டில களவு போனதை அப்பிடியே உங்கட ஜிமெயில்லயும் பாங்கிலயும் போட்டுப் பார்க்கிறதுதான் இப்ப பெரிய தொழில். இத்தினையையும் எப்பிடி ஞாபகம் வைக்கிறது எண்டு கேப்பீங்க, வைக்கத் தேவையில்ல, பிட்வார்டன் மாதிரி ஒரு பாஸ்வேர்ட் மனேஜரைப் போனில போடுங்கோ, காசில்ல, அதுவே நீளமான பாஸ்வேர்டுகளை உருவாக்கி வச்சிருக்கும், நீங்க அதைத் திறக்கிற அந்த அஞ்சு சொல்லை மட்டும் ஞாபகம் வச்சாக் காணும். அதை மறந்தா கம்பனியாலயும் எடுத்துத் தர ஏலாது, அதால ஒரு கடுதாசியில எழுதி அலுமாரிக்குள்ள, உறுதிகள் இருக்கிற பைலோட வையுங்கோ. எழுதி வைக்கக் கூடாது எண்டு சொல்லுவினம், வெளிநாட்டில இருக்கிற கள்ளன் உவர்மலையில உங்கட அலுமாரியைத் திறக்கப் போறதில்ல. போன் கவருக்குள்ள மட்டும் செருகாதேங்கோ.

அம்மா அப்பாவுக்கு போன் அப் ஒண்டும் சரிவராது. அவைக்கு ஒரு சின்னக் கொப்பி போதும், பக்கத்துக்கு ஒரு எக்கவுண்ட், பெரிய எழுத்தில.

பிறகு ரெண்டாவது பூட்டு. ஜிமெயில்ல செக்யூரிட்டிக்குள்ள டூ ஸ்டெப் வெரிஃபிகேசனைப் போடுங்கோ, அப்ப பாஸ்வேர்டோட இன்னொரு கோட்டோ போனில ஒரு சம்மதமோ கேக்கும், அதில தாற பக்கப் கோட்களை (போன் கையில இல்லாட்டி உள்ளுக்குப் போறதுக்கு) பிரிண்ட் எடுத்து அதே பைலுக்குள்ள வையுங்கோ. வட்ஸ்அப்பிலயும் எக்கவுண்ட் செட்டிங்கில 6 இலக்கப் பின் ஒண்டு வைக்கலாம், கட்டாயம் வையுங்கோ, ஏனெண்டா தெரிஞ்ச ஆளின்ட நம்பரில இருந்தே "மச்சான், உனக்கு ஒரு கோட் மாறி வந்திட்டுது, அனுப்பி விடு" எண்டு வரும், அனுப்பினா உங்கட வட்ஸ்அப் கள்ளன்ட கையில, பிறகு உங்கட பேரில உங்கட சொந்தக்காரர் எல்லாரிட்டயும் காசு கேப்பான். போனுக்கு வாற கோட்டை ஆர் கேட்டாலும் குடுக்காதேங்கோ, பாங்கில இருந்து கதைக்கிறம் எண்டாலும்தான்.

ரிக்கவரி நம்பரையும், அதான் பாஸ்வேர்ட் மறந்தா கோட் அனுப்பச் சொல்லி ஜிமெயில்ல குடுத்து வச்ச நம்பரையும், பாருங்கோ. நீங்க பாவிக்காம விட்ட பழைய சிம் நம்பரைக் கம்பனி வேற ஆளுக்குக் குடுத்திடும், பிறகு உங்கட கோட் அவருக்குப் போகும்.

ஏற்கனவே ஆரோ உள்ளுக்கு வந்திட்டான் எண்டு சந்தேகமெண்டா, பாஸ்வேர்டை மாத்தினதோட விடாம, அதே செக்யூரிட்டிக்குள்ள "யுவர் டிவைசஸ்" எண்ட இடத்தில தெரியாத போன் எல்லாத்தையும் சைன் அவுட் பண்ணுங்கோ, ரிக்கவரி ஈமெயிலை அவன் மாத்தியிருக்கிறானோ எண்டு பாருங்கோ, கம்ப்யூட்டரில ஜிமெயில் செட்டிங்கைத் திறந்து ஃபோர்வேர்டிங்கில அவன்ட அட்ரஸ் கிடக்குதோ எண்டும் பாருங்கோ, அது கிடந்தா நீங்க பாஸ்வேர்ட் மாத்தினாலும் உங்கட மெயில் எல்லாம் அவனுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும். பாங்க் அப் அதே மெயில்ல இருந்தா பாங்குக்கும் கோல் எடுத்துச் சொல்லுங்கோ, அட்டைக்குப் பின்னால இருக்கிற நம்பருக்கு.