இடது பக்கச் சீட்டுக்காரியின் கொப்பி: வழியில வான் நிண்டா

எங்கட வானை இவர் ஓட்டுவார். நான் இடது பக்க முன் சீட். முப்பது வருசம் கணக்குப் படிப்பிச்சுப் பென்சன் எடுத்த பிறகு எனக்குக் கிடைச்ச உத்தியோகம் அதுதான். வான் ஒரு பழைய டொல்பின். பின் சீட்டெல்லாம் கழற்றி, பலகைக் கட்டில் அடிச்சு, கட்டிலுக்குக் கீழ சாமான் பெட்டி, ஒரு சின்னக் கேஸ் அடுப்பு, 20 லீட்டர் தண்ணிக் கலன். அறுகம்பேக்கு வெள்ளைக்காரர் கொண்டு வாற வண்டி மாதிரி வடிவில்ல. எங்கட மட்டக்களப்பில, கல்லடியில இருக்கிற தச்சர் ஒருத்தர் ரெண்டு கிழமையில அடிச்சுத் தந்தது. இதில மாமியையும் ஏத்திக்கொண்டு கதிர்காமம், நுவரெலியா, யாழ்ப்பாணம் எண்டு போய் வந்திட்டம். ஒரு பயணமும் சொன்ன நேரத்துக்கு முடியேல்ல. ஒவ்வொரு தாமதத்தையும் நான் ஒரு சி.ஆர். கொப்பியில எழுதி வச்சிருக்கன்.

தங்கச்சியின்ட மகள் போன மாதம் வான் வாங்கினாள். "பெரியம்மா, வழியில நிண்டா என்ன செய்யிற?" எண்டு கேட்டாள். அதுக்குத்தான் இது.

முதல் விசயம்: எங்க நிக்கிற, எப்ப திரும்பிற எண்ட முடிவு ஓட்டுறவரிட்ட இருக்கக் கூடாது. ஸ்டீரிங்கைப் பிடிச்ச ஆளுக்கு எப்பவும் "இன்னும் கொஞ்சத் தூரம்தான்". எங்கட வீட்டில படலை தாண்ட முன்னமே பேசித் தீர்த்த ஒப்பந்தம், பின்னேரம் 3 மணிக் கணக்கு. 3 மணிக்கு எங்க நிண்டாலும் நான் கேப்பன்: இருட்ட முன்னம் போய்ச் சேருவமா? சேரமாட்டம் எண்டா அந்த நிமிசமே இராத்தங்கல் இடம் தேடத் தொடங்கிற. மாரியில ஆறரைக்கு இங்க கும்மிருட்டு. ஆறு மணிக்குத் தேடத் தொடங்கினா கிடைக்கிறது றோட்டோரம் மட்டும்தான். கோயில் வளவு, எண்ணெய் செட், பொலிஸ் நிலையத்துக்கு முன் வெளி, இந்த வரிசையில நான் கேட்டுப் பாப்பன். பெண்கள் உள்ள வண்டிக்கு மலசலகூடம் கிடைக்கிறதும் இந்த மூண்டு இடத்திலதான். கேளாமக் கொண்டு போய் நிப்பாட்டாதீங்க. கேட்டா ஆரும் இல்ல எண்டதில்ல.

இனி வெள்ளம். மாரியில எங்கட ஆக்களுக்கு இதுதான் பெரிய தாமதம். பொலன்னறுவைப் பக்கம் இருந்து வரக்குள்ள கதுறுவெலைக்கும் மன்னம்பிட்டிக்கும் இடையில கல்லெல்ல எண்டொரு பள்ளமான துண்டு இருக்கு. மகாவலி பெருகினா அது தண்ணிக்குள்ள போயிரும். மட்டக்களப்பில வெயில் எறிச்சுக்கொண்டிருக்கும், மலையில பெய்த மழை அங்க வந்து ஏறும். அதனால நம்மட ஊர் வானத்தைப் பாத்து முடிவெடுக்காதீங்க. வெளிக்கிட முன்னம் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின்ட 117க்கு எடுத்துக் கேளுங்க.

தண்ணிக்கு முன்னால வந்து நிண்டா, எவ்வளவு ஆழம் எண்டு அறியப் பாலத்துக் கட்டையைப் பாருங்க, மைல் கல்லைப் பாருங்க. ஒரு அடி ஓட்டத் தண்ணி சின்னக் காரை மிதக்க வைக்கும். ரெண்டு அடி எண்டா வானையும் இழுக்கும். பஸ் போகுது, நாமளும் பின்னால போவம் எண்டு இவர் ஒரு தரம் இறங்கப் பாத்தார். பஸ் உயரம், நம்மட எஞ்சின் காத்து இழுக்கிற இடம் கீழ. பஸ் கிளப்பிற அலை நேர வந்து நமக்குத்தான் அடிக்கும். எஞ்சினுக்குள்ள தண்ணி போய் நிண்டிட்டா திரும்ப ஸ்டார்ட் பண்ணவே கூடாது. பண்ணினா உள்ளுக்குக் கம்பி வளைஞ்சு, தாமதம் எண்டது மாதக் கணக்காகும். 2024 நவம்பரில அம்பாறை மாவட்டத்து மாவடிப்பள்ளியில உழவு மெசினில போன மதரசாப் பிள்ளைகளை வெள்ளம் கொண்டு போனது. உழவு மெசினையே இழுத்த தண்ணி. அதுக்குப் பிறகு எங்கட வண்டியில இந்தப் பேச்சு இல்ல. தண்ணி ஓடினா வண்டி கிறுகும்.

அடுத்தது எஞ்சின் சூடு. டொல்பின் வச்சிருக்கிற ஆக்களுக்குத் தெரியும், எஞ்சின் முன் சீட்டுக்குக் கீழதான். வண்டிக்கு வருத்தம் வந்தா முதல்ல எழும்ப வேண்டிய ஆள் நான்தான். செங்கலடியில இருந்து பதுளைக்குப் போற ஏ5 பாதையில, லுணுகலை ஏத்தத்தில, என்ட சீட்டு அடுப்புத் தட்டு மாதிரிச் சுட்டது. சூட்டு முள்ளு ஏறத் தொடங்கினா ஏசியை நிப்பாட்டுங்க, ஹீட்டரை முழுசாத் திறந்து விடுங்க. வேர்க்கும், ஏச்சும் விழும், ஆனா எஞ்சின்ட சூட்டில கொஞ்சம் அந்த வழியால வெளியேறும். சமதரையில நிழலாப் பாத்து ஒதுக்குங்க. ஆவி வந்தா உடன ஓஃப். ரேடியேட்டர் மூடியில கை வைக்கக் கூடாது, குறைஞ்சது முக்கால் மணித்தியாலம். இவர் அவசரப்படுவார் எண்டு அந்த முக்கால் மணித்தியாலத்துக்கு நான் தேத்தண்ணி வைக்கிற. ஆறின பிறகு தடிச்ச ஈரத் துணி போட்டு மெல்லத் திறந்து, கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க. கொதிச்ச எஞ்சினில பச்சத் தண்ணியைக் கவிழ்த்தா ஹெட் வெடிக்கும்.

பெட்டரி லைட்டும் பத்தி, சூட்டு முள்ளும் ஏறினா பெல்ட் அறுந்திருக்கும். பெட்டரியைச் சார்ஜ் பண்ணிற ஆல்டர்னேட்டர், எஞ்சினை ஆத்திற தண்ணிப் பம்ப், ரெண்டையும் ஓட்டிறது அதுதான். புதுப் பெல்ட் ஒண்டு, அதைப் பூட்டிற சாவியோட, என்ட சீட்டுக்குப் பின்னால எப்பவும் கிடக்கும். ஒரு மெக்கானிக் கையில ஒருக்காப் பூட்டிக் காட்டச் சொல்லி, போனில வீடியோ எடுத்து வச்சிருக்கம்.

யானை. பொத்துவிலால சியம்பலாண்டுவைக்குப் போற பாதை லகுகலை தேசியப் பூங்கா வழியாப் போகுது. நாங்க அதில பின்னேரம் அஞ்சுக்குப் பிறகு போறதில்ல. யானை றோட்டில நிண்டா ஹோர்ன் அடிக்காதீங்க, இறங்காதீங்க, வாழைப்பழம் எறியாதீங்க. தூரத்தில நிண்டு, பின்னுக்கு எடுக்க இடம் விட்டுக் காத்திருங்க. பழகின லொறிக்காரர் ஒருத்தர் வந்தா அவருக்குப் பின்னால போங்க. ஒரு தரம் நாங்க 50 நிமிசம் நிண்டம். மாமி அதுக்குள்ள ஒரு நித்திரை முடிச்சிட்டா.

மாமிக்குச் சீனி வருத்தம், இன்சுலின் போடுற ஆள். தாமதத்தில எனக்குப் பயம் வானில இல்ல, இதிலதான். பாவிச்சுக்கொண்டிருக்கிற மருந்து அறை வெப்பத்தில நாலு கிழமைக்குக் கிட்ட இருக்கும், ஆனா 30 பாகைக்கு மேல போகப் படாது. அம்பாறை வெயிலில பூட்டி நிக்கிற வான் அதைத் தாண்ட அரை மணித்தியாலம் தேவையில்ல. எங்கட ஏற்பாடு, சின்ன மண் முட்டி, அதைச் சுத்தி ஈரத் துணி, உள்ளுக்குப் பிளாஸ்டிக் டப்பாவில மருந்து. ஐஸ்கட்டியில ஒட்டினாப் போல வைக்காதீங்க, உறைஞ்சா அந்த மருந்து வீசத்தான். மற்றது, சாப்பாடு கண்ணுக்கு முன்னால வந்த பிறகுதான் ஊசி. "கடை அடுத்த சந்தியில" எண்டு நம்பி ஊசி போட்டு, சந்தி வர முன்னம் றோட்டு மூடி, மாமிக்குக் கை நடுங்கி வேர்த்து ஊத்தினது. மூண்டு தேக்கரண்டி சீனியைத் தண்ணியில கரைச்சுக் குடுத்து, கால் மணித்தியாலத்தால திரும்பச் சோதிச்சுப் பாத்தன். தெளிஞ்சா. தெளியாட்டி 1990 அம்புலன்ஸ், அது இலவசம். தாமதமானா அளவை எப்படி மாத்திற எண்டு கிளினிக்கில முன்கூட்டியே கேட்டு எழுதி வச்சுக்கொள்ளுங்க.

சாப்பாட்டில ஒரு கண்டிப்பு. தேங்காய்ப்பூ சேர்ந்ததெல்லாம் மத்தியானத்துக்குள்ள முடிக்கிற. புட்டும் சம்பலும் காலமைக்குத்தான். மாட்டுப்பட்ட இரவுக்குச் சீனிச் சம்பல், பாண், அவல், கச்சான், பொரிச்ச நெத்தலி. அடுப்பு மூட்டக்குள்ள பக்கக் கதவு திறந்தே இருக்க வேணும். வண்டி ஓடக்குள்ள சிலிண்டர் வால்வு மூடியிருக்க வேணும். ஏசிக்காக எஞ்சினை ஓட விட்டிட்டு உள்ளுக்குப் படுக்கவே படுக்காதீங்க, அந்தப் புகைக்கு மணமே இல்லாத நஞ்சு ஒண்டு இருக்கு.

எண்ணெய் அரைத் தாங்கிக்குக் கீழ இறங்க விடுறதில்ல. 2022 எண்ணெய்த் தட்டுப்பாட்டில கியூவில ரெண்டு இரவு படுத்து, பிறகு கியூஆர் காட்டி வானுக்குக் கிழமைக்கு 20 லீட்டர் வாங்கின ஆக்களுக்கு விளக்கம் தேவையில்ல. கைக்காசும் வேணும். கரண்ட் போனா காட் மெசின் செத்த சாமான்.

மலைப்பக்கம் மண் சரிஞ்சா அங்க காத்திருக்காதீங்க. சரிவுக்குக் கீழ நிக்கிறதை விட ஒரு ஊர் பின்னுக்குப் போய் நிக்கிறது நல்லம். மகாஓயா, பிபிலைப் பக்கம் வழி கேக்க இந்த ரெண்டு வசனமும் போதும்: "பார வஹலாத?" றோட்டு மூடியிருக்கா எண்டது. "லங்க கராஜ் எக்கக் தியெனவாத?" கிட்ட கராஜ் இருக்கா எண்டது. என்ட உச்சரிப்புக்குச் சிரிப்பினம், சிரிச்சிட்டுக் கூட்டிக்கொண்டும் போவினம்.

கொப்பியில ஆக நீளமான பக்கம் கதுறுவெல. தண்ணி வடியும் வரை 21 மணித்தியாலம் நிண்டம். பக்கத்தில நாலு லொறி, வெங்காயமும் உருளைக்கிழங்கும். ஒரு லொறிக்கார மகன் பத்து வெங்காயம் தந்தான், நான் நெத்தலியோட வதக்கி எல்லாருக்கும் பாணுக்குள்ள வச்சுக் குடுத்தன். விடிய எழுதினது இப்பவும் இருக்கு: "தண்ணி 6 லீட்டர் மிச்சம். டீசல் முக்கால். மாமி சீனி 142. தேயிலை முடிஞ்சுது. நுளம்பு வலை வீட்டில."