உயில் எழுதுவது எப்படி: சாட்சி விஷயத்தில் நாங்கள் பட்ட பாடு

அப்பா தன் கைப்பட உயில் எழுதி வைத்திருந்தார். வீடு அம்மாவுக்கு, நிலம் பிள்ளைகளுக்கு என்று தெளிவாகவே எழுதியிருந்தார். அவர் போன பிறகு உடன்பிறந்தவர்களுக்குள் பேச்சு முற்றி, விஷயம் நீதிமன்றம் வரை போனது. அங்கேதான் சிக்கல் வெளிப்பட்டது: சாட்சிக் கையெழுத்துப் போட்ட இரண்டு பேருமே உயிரோடு இல்லை. அந்த அலைச்சலுக்குப் பிறகு, சென்ற மாதம் என் உயிலை எழுதி முடித்தேன். செய்த வரிசையிலேயே சொல்கிறேன். இது இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் கீழ் வரும் குடும்பங்களுக்கானது.

முதலில் சொத்துப் பட்டியல். பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். என் பத்திரத்தில் சர்வே எண் 114/2; உட்பிரிவு செய்த பிறகு பட்டாவில் 114/2பி. ஒன்றை மட்டும் எழுதினால் பிறகு பெயர் மாற்றும்போது கேள்வி வரும். இரண்டையும் எழுதி, ஆவண எண், ஆண்டு, நான்கு எல்லைகளையும் சேர்த்துவிடுங்கள். பூர்விகச் சொத்து என்றால் உங்கள் பங்கை மட்டுமே எழுதலாம்.

அடுத்து, யாருக்கு எது. ஓர் ஆண் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, பிள்ளைகள், தாய் எல்லோருக்கும் சம பங்கு. மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என்றால் குடியிருக்கும் வீடு நான்கு பங்காகும். பிள்ளைகள் மைனர் என்றால் அவர்கள் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். படிப்புச் செலவுக்குக்கூட அந்தப் பிள்ளைகளின் அம்மா மனுப்போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். “வங்கியில் நாமினி போட்டிருக்கிறேனே” என்பவர்களுக்கு: நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே, அதற்கு உரிமையாளர் யார் என்பதை உயிலோ வாரிசுரிமைச் சட்டமோதான் முடிவு செய்யும். நிறுவனப் பங்குகள் (ஷேர்) விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் இதை மறுபடி உறுதி செய்தது.

எழுதுவதற்கு முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத்தாள் போதும். கணினியில் தட்டச்சு செய்யலாம். என் விருப்பம் கைப்பட எழுதுவதுதான், அதுவும் பால்பாயிண்ட் பேனாவில். அப்பாவின் உயிலில் ஈரம் பட்ட மூலையில் மை கலைந்து, ஓர் எண் 3-ஆ 8-ஆ என்று தெரியாமல் நின்றோம். பக்க எண் போட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திடுங்கள். அடித்துத் திருத்திய இடத்தில் நீங்களும் சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். “இதில் விடுபட்ட, இனி நான் வாங்கப்போகும் சொத்துகள் இன்னாருக்கு” என்ற வரியை மறக்கவே கூடாது.

இப்போது சாட்சிகள். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி குறைந்தது இரண்டு பேர் வேண்டும். நீங்கள் கையெழுத்திடுவதை அவர்கள் பார்க்க வேண்டும், அல்லது “இது என் கையெழுத்து” என்று நீங்கள் சொல்லிக் கேட்க வேண்டும்; பிறகு உங்கள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். வழக்கு வந்தால், உயிரோடு இருக்கும் சாட்சி ஒருவராவது கூண்டேறிச் சொல்ல வேண்டும். அப்பா தன் வயதுடைய இரண்டு நண்பர்களைக் கூப்பிட்டிருந்தார். இருவரும் போய்விட்டதால், அவர்களில் ஒருவரின் கையெழுத்து அவருடையதுதான் என்று மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. ஒருவர் எனக்கு ஏழாம் வகுப்பு எடுத்த ஆசிரியர். பரண்மேல் இருந்த தகரப் பெட்டியில் என் மதிப்பெண் அட்டை கிடைத்தது. காலாண்டு, அரையாண்டு, ஆண்டுத் தேர்வு என மூன்று கட்டங்களில் அவர் கையெழுத்து. அதையும், அவருடைய மகளின் சாட்சியத்தையும் வைத்துத்தான் கரையேறினோம்.

ஆகவே உங்களைவிட இருபது வயதாவது இளையவர்களைக் கூப்பிடுங்கள். சொத்துப் பெறுபவரோ அவருடைய கணவன், மனைவியோ வேண்டாம். நாளைக்கு அதுவே சந்தேகத்துக்கு இடமாகும். முழு முகவரி, அப்பா பெயர் எல்லாம் எழுதி வாங்குங்கள். நான் பக்கத்து வீட்டுத் தம்பியையும் எங்கள் குடும்ப மருத்துவரையும் கேட்டேன். மருத்துவர் என்றால் நாம் தெளிந்த மனதோடு எழுதினோம் என்பதற்கும் அவரே சாட்சி.

பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள் என்பேன். தொலைந்தால் நகல் கிடைக்கும். பதிந்த உயிலையும் பிறகு எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம்.

பின்சேர்க்கை: உயிலின் மூலப் பிரதியை வங்கி லாக்கரில் வைத்ததாக ஒரு வாசகி எழுதியிருந்தார். லாக்கர் உங்கள் ஒருவர் பெயரில் மட்டும், நாமினியும் இல்லாமல் இருந்தால், அதைத் திறப்பதற்கே குடும்பம் வாரிசுச் சான்றிதழோடு அலைய வேண்டிவரும். என்னுடையது வீட்டு பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. மனைவிக்கும் மகளுக்கும் இடம் தெரியும்.

இன்னொன்று: இஸ்லாமியர்கள் கேட்டிருந்தீர்கள். உங்களுக்கு விதி வேறு. மற்ற வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. எழுதும் முன் உங்கள் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பாருங்கள்.