பிள்ளைக்கு முதல் பியானோப் புத்தகம் எடுப்பது எப்படி?

விஜயதசமியன்று பிள்ளையை வாய்ப்பாட்டிலோ வயலினிலோ தொடக்கிவிடும்போது எந்தப் புத்தகம் என்ற கேள்வியே வருவதில்லை. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்று ஓர் ஒழுங்கு இருக்கிறது. எந்த ரீச்சரிடம் போனாலும் அதுதான். பியானோவுக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு புத்தகமும் ஒவ்வொரு வழியால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகும். அதனால் முதல் புத்தகத்துக்குக் கொஞ்சம் மினக்கெடுங்கள்.

முதலில், பரீட்சைப் புத்தகத்தைத் தள்ளி வையுங்கள்

வட இலங்கை சங்கீத சபையின் பரீட்சைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். பியானோ என்றதும் ஏபிஆர்எஸ்எம் அல்லது ட்ரினிட்டி என்ற பிரித்தானியப் பரீட்சைச் சபைகளின் கிரேட் 1 புத்தகத்தைத்தான் தேடுகிறோம். அது ஏற்கெனவே வாசிக்கப் பழகிய பிள்ளை பரீட்சைக்கு எடுத்துப் போகும் உருப்படிகளின் தொகுப்பு. கையை எப்படி வைப்பது, எந்தக் கட்டைக்கு என்ன பெயர் என்று அது சொல்லித் தராது. உங்களுக்கு வேண்டியது, அதையெல்லாம் அடியிலிருந்து படிப்படியாகச் சொல்லித் தரும் ‘மெதட்’ புத்தகம். அதிலும் அட்டையில் ‘லெசன்’ என்று போட்டதைப் பாருங்கள். அதே வரிசையில் தியரி, பெர்ஃபோமன்ஸ், டெக்னிக் என்று துணைப் புத்தகங்களும் இருக்கும். தொடக்கத்துக்கு லெசனும் தியரியும் போதும்.

பிறகு வயது

ஐந்து, ஆறு வயதென்றால் நோட்டுகள் பெரிதாகவும் படங்கள் கூடவும் எழுத்துக் குறைவாகவும் இருக்கவேண்டும். நான்சி, ராண்டல் ஃபேபர் தம்பதியினரின் ‘மை ஃபர்ஸ்ட் பியானோ அட்வென்சர்’ இந்த வயதுக்கென்றே எழுதப்பட்டது. ஏழு வயதானால் அவர்களுடைய ‘பியானோ அட்வென்சர்ஸ்’ ப்ரைமர், அல்லது ஆல்ஃப்ரெட் வரிசையில் 1ஏ சரி. பதினொரு வயது தாண்டிய பிள்ளைக்குக் கார்ட்டூன் படப் புத்தகம் கூச்சமாக இருக்கும். ஃபேபர் வரிசையில் ‘அக்செலரேட்டட்’ என்று பெரிய பிள்ளைகளுக்குத் தனியாக உண்டு.

இவை எல்லாம் ஆங்கிலத்தில்தான். தமிழ்மொழி மூலம் படிக்கிற சின்னப் பிள்ளைக்கு அது பெரிய தடையல்ல. அடுத்த பாடத்தை முதல்நாள் இரவே நீங்கள் வாசித்து விளங்கிக்கொண்டு, தமிழில் சொல்லிக் கொடுங்கள்.

முதல் பத்துப் பக்கத்தை விரித்துப் பாருங்கள்

இதுதான் முக்கியமான இடம்.

சில புத்தகங்கள் பியானோவின் நடுப்பகுதியில் உள்ள ‘நடு சி’ என்ற கட்டையில் இரண்டு பெருவிரலையும் வைத்துத் தொடங்கி, கையை அசைக்காமல் பல பக்கம் கொண்டுபோகும். பழைய வழி, பிள்ளைக்கு உடனே ஒரு பாட்டு வரும். ஆனால் ஒவ்வொரு நோட்டுக்கு மேலும் விரல் எண் (பெருவிரல் 1, சின்னவிரல் 5) அச்சிட்டிருந்தால் கவனம். என் மூத்த மகள் அப்படித்தான் தொடங்கினாள். ஒரு வருடம் அழகாக வாசித்தாள். கை இடம் மாறுகிற முதல் பாட்டு வந்ததும் அப்படியே நின்றுவிட்டாள். அவள் அவ்வளவு நாளும் வாசித்தது நோட்டை அல்ல, 1 முதல் 5 வரையான எண்களை! அவள் அழுதது இன்றும் மனதில் நிற்கிறது.

வேறு சில, கறுப்புக் கட்டைகளில் தொடங்கும். இரண்டாகவும் மூன்றாகவும் சேர்ந்திருக்கும் கட்டைகளைப் பிள்ளை கண்டுபிடிக்கும். கோடுகள் இல்லாமலே நோட்டுகள் மேலே ஏறும், கீழே இறங்கும். அப்புறம்தான் நோட்டுகளை எழுதும் ஐந்து கோடு வரும். அப்போதும் எல்லா நோட்டையும் ஒன்றாகக் கொட்டாமல், நடு சி, மேல் ஐந்து கோட்டின் தொடக்கக் குறியான ட்ரெபிள் கிளெஃபின் சுருள் சுற்றுகிற ஜி, கீழ் ஐந்து கோட்டின் தொடக்கக் குறியான பேஸ் கிளெஃபின் இரு புள்ளிக்கு நடுவிலுள்ள எஃப் என்று மூன்று அடையாளங்களைக் காட்டி, அங்கிருந்து எத்தனை படி ஏறுகிறது, இறங்குகிறது என்று எண்ணவைக்கும். என் இளையவனுக்கு இந்த வழியைத்தான் எடுத்தேன். தொடக்கம் மெதுவாக இருந்தாலும் இதையே சொல்வேன்.

நோட்டுக்குள் ஏ, பி, சி என்று எழுத்துப் போட்டிருப்பதும் முதல் சில பக்கத்துக்குச் சரி. புத்தகத்தின் நடுவிலும் அது தொடர்ந்தால் வேண்டாம். பாட்டுப் படிக்கிற பிள்ளைக்கு லேசாகட்டும் என்று நோட்டின் கீழே ச, ரி, க என்று நீங்களும் எழுதாதீர்கள். நம்முடைய ‘ச’ சுருதிக்கேற்ப இடம் மாறும், சி மாறாது. பிள்ளை குழம்பிவிடும்.

வெளிநாட்டிலிருந்து எடுப்பிப்பதாக இருந்தால்

கனடாவிலிருக்கும் சித்தியிடம் ‘இரண்டாவது புத்தகம்’ என்று சொல்லிவிடாதீர்கள். ஃபேபர் வரிசை ப்ரைமர், 1, 2ஏ, 2பி என்று போகும். இரண்டாவதாக வருவது 1. நாங்கள் அப்படிச் சொல்லி, வந்தது 2ஏ. காசு கொடுக்குமுன் அட்டையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஃபேபரும் ஆல்ஃப்ரெட்டும் அமெரிக்கப் புத்தகங்கள். நோட்டுகளின் நீளத்துக்கு அவற்றில் வேறு பெயர்கள். குவாட்டர் நோட் என்பதை இங்கே ரீச்சர் குரொச்செட் என்பார். ஹாஃப் நோட் மினிம், ஹோல் நோட் செமிபிரீவ், மெஷர் (இரண்டு நிமிர்ந்த கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதி) என்றால் ‘பார்’. முன்னட்டையின் உட்புறத்தில் பென்சிலால் இரண்டு பெயரையும் எழுதி வையுங்கள். பிள்ளை அங்கே பார்த்துப் பார்த்தே பழகிவிடும்.

வீட்டில் பியானோ இல்லையே என்று யோசிக்கவேண்டாம். கட்டைகள் முழு அளவில் உள்ள 61 கட்டைக் கீபோர்ட் முதல் புத்தகத்துக்குத் தாராளம்.

ஒரு மாதம் கழித்து ஒரு சோதனை

பிள்ளைக்கு நன்றாக வருகிற பாட்டு ஒன்றை எடுங்கள். பெருவிரலில் தொடங்கும் பாட்டென்றால், அதே நோட்டைச் சுட்டுவிரலால் தொடங்கி வாசிக்கச் சொல்லுங்கள். தட்டுத்தடுமாறியாவது சரியான கட்டைகளை அழுத்தினால் நோட்டை வாசிக்கிறது. பாட்டே மாறிப் போனால் எண்ணை வாசிக்கிறது. அப்போது திட்டவேண்டாம், புத்தகத்தை உடனே மாற்றவும் வேண்டாம். சில பக்கம் பின்னால் போய், விரல் எண்களை ஒரு கடதாசித் துண்டால் மறைத்துவிட்டு, அந்தச் சின்னப் பாட்டுகளையே திரும்ப வாசிக்க விடுங்கள்.