தையல் ஊசியில் காந்தப்புலம் பார்க்கலாம் வாங்க

காந்தம் இரும்பை இழுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். காந்தப்புலத்துக்கு ஒவ்வொரு இடத்திலும் ஒரு திசை உண்டு, ஒரு வலிமையும் உண்டு. இரண்டையும் காட்ட ஒரு ஊசி போதும்.

வேண்டியவை: தையல் ஊசி, உடைந்த ஸ்பீக்கரின் வளையக் காந்தம் (பழைய இரும்புக் கடையில் கிடைக்கும்), தெர்மாகோல் துண்டு, பிளாஸ்டிக் கிண்ணம், 1.5 வோல்ட் பேட்டரி, ஒரு கஜம் வயர். எவர்சில்வர் கிண்ணம் வேண்டாம்; அதில் சில ரகம் காந்தத்தில் ஒட்டும்.

படி 1: வளையக் காந்தத்தின் முனைகள் அதன் இரண்டு தட்டை முகங்களில் இருக்கின்றன, விளிம்பில் இல்லை. ஒரே முகத்தால் ஊசியைக் காதிலிருந்து நுனி வரை ஒரே திசையில் முப்பது நாற்பது தடவை தேயுங்கள். திரும்பும்போது காந்தத்தைத் தூக்கிவிட வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் வேலைக்கு ஆகாது.

படி 2: கிண்ணத்தை விளிம்பு வரை தண்ணீரால் நிரப்பி, தெர்மாகோல் மேல் ஊசியை மிதக்க விடுங்கள். காந்தத்தை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். பீரோ பக்கமும் வேண்டாம். ஊசி தெற்கு வடக்காக நிற்கும். ஏறக்குறைய மதுரை மேலமாசி வீதி போகிற வாக்கு அது. வடக்கே பார்க்கும் முனைக்கு மை வையுங்கள், அதுதான் வடமுனை. எதிர் முனைதானே இழுக்கும்? அப்படியானால் பூமியின் வடக்கில் இருப்பது காந்தத் தென்முனை. பரீட்சையில் பலர் இதை மாற்றி எழுதுகிறார்கள்.

இதில் மதுரைக்காரர்களுக்கு ஒரு சௌகரியம். பூமியின் புலம் லண்டனில் கிடையிலிருந்து சுமார் 66 டிகிரி சரிந்து தரைக்குள் பாய்கிறது. காந்த நடுக்கோடு (பூமியின் புலம் சரியாகக் கிடையாக இருக்கும் கோடு) நமக்குத் தெற்கே, திருநெல்வேலிப் பக்கம் போவதால் இங்கே அது கிட்டத்தட்ட கிடையாகவே இருக்கிறது. எனவே சுமார் 40 மைக்ரோடெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) வலிமை அநேகமாக முழுவதும் நம் ஊசிக்குக் கிடைக்கிறது.

படி 3: 1820இல் டென்மார்க் விஞ்ஞானி எர்ஸ்டெட் கண்டது இதுதான். வயரை ஊசிக்கு 2 செ.மீ. மேலே, ஊசியின் வாக்கிலேயே பிடியுங்கள். பேட்டரி சற்றுத் தள்ளியே இருக்கட்டும். வயர் முனைகளை ஒரு விநாடி தொட்டு எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் வைத்தால் வயரும் பேட்டரியும் சுடும். மின்னோட்டம் தெற்கிலிருந்து வடக்கே போனால் ஊசியின் வடமுனை மேற்கே ஒதுங்கும்.

4 ஆம்பியர் ஓடினால் அந்தத் தூரத்தில் வயரின் புலமும் 40 மைக்ரோடெஸ்லா. இரண்டும் சமம் என்றால் ஊசி 45 டிகிரியில் நிற்க வேண்டும். ஊசி விலகும் கோணத்தை வைத்து மின்னோட்டத்தை அளக்கும் பிளஸ் டூ ஆய்வகத்து டேஞ்சன்ட் கால்வனாமீட்டரின் சங்கதியும் இவ்வளவுதான். ஒரு விநாடியில் ஊசி ஆடத்தான் செய்யும், நின்று அளக்க முடியாது. பூமியோடு வயர் மல்லுக்கட்டுவதைப் பார்த்தால் போதும்.

அப்புறம் வயரைக் கிண்ணத்துக்கு அடியில் அதே வாக்கில் வைத்துப் பாருங்கள். இப்போது ஊசி கிழக்கே ஒதுங்கும். புலம் வயரைச் சுற்றி வளையமாக இருப்பதுதான் காரணம். வலது கையால் வயரைப் பிடித்து, கட்டைவிரலை மின்னோட்டத் திசையில் நீட்டினால், மற்ற விரல்கள் மடங்கும் பக்கமே அந்த வளையத்தின் திசை.