கூத்து ரசிகர் குழு நடத்துகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் செய்யாறு பக்கத்தில் தெருக்கூத்து பார்க்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. திரௌபதி அம்மன் கோயிலில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, ஒருநாள் அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவது, கடைசி நாளில் மண்ணால் செய்து படுக்க வைத்த துரியோதனனின் தொடையை வீமன் அடிக்கும் படுகளம், அன்று மாலையே தீமிதி. இதையெல்லாம் பாயில் படுத்துத் தூங்கி விழித்துப் பார்த்த 12 பேர் சேர்ந்து ஒரு ரசிகர் குழு தொடங்கினோம். வருஷத்துக்கு இரண்டு கூத்து வைப்பது, கூத்தைச் சொல்லிக் கொடுத்து நடத்தும் வாத்தியார்களையும் வேஷக்காரர்களையும் நேரில் போய்ப் பார்ப்பது, பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூத்தை அறிமுகம் செய்வது என்று வேலைகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. அவற்றோடு தவறுகளும் சேர்ந்தன. புதிதாகக் குழு தொடங்குகிறவர்கள் கேட்டால் நான் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

மேடையை நாமே எடுத்துக்கொள்வது

எங்கள் இரண்டாம் ஆண்டுக் கூத்தில் ஒன்பதரைக்கு மேளதாளத்தோடு களரி கட்டிக் கூத்தைத் தொடங்க வேண்டும். வரவேற்புரை, முன்னிலை வகித்தவர்கள், வாழ்த்திப் பேசியவர்கள் என்று பதினொன்றரை ஆகிவிட்டது. நடுவில் ஏதோ கேட்கப் போன நான் வேஷம் கட்டும் பந்தலுக்குள் நுழைந்தேன். துரியோதனன் வேஷக்காரர் கிரீடம், புஜக்கட்டை, மார்பதக்கம் எல்லாம் கயிறு போட்டு இறுக்கிக் கட்டி, சலங்கையோடு தகரப் பெட்டியின் மேல் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். அரிதாரத்தின் மேல் வேர்வை கோடு கோடாக இறங்கியிருந்தது. "தண்ணி வேணுமாண்ணா?" என்றேன். "வேணாம் தம்பி. குடிச்சா ஒண்ணுக்குப் போவணும். போவணும்னா எல்லாத்தையும் அவுக்கணும்" என்றார். அந்த நேரத்தில் மேடையில் நாங்கள் பதினோரு பேருக்குச் சால்வை போர்த்திக்கொண்டிருந்தோம். அவர் அப்படியே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

அந்த ராத்திரிக்குப் பிறகு சால்வையை நிறுத்திவிட்டோம். அந்தப் பணம் ஜமாவுக்கு, அதாவது ஆடும் குழுவுக்குப் போகிறது. பேச வேண்டியவர்கள் சாயங்காலம், வேஷம் கட்டத் தொடங்கும் முன்பே பேசிவிட வேண்டும். வராதவர் வராதவர்தான். முக்கியஸ்தர் ஒருவர் தாமதமாக வருகிறார் என்பதற்காகத் திரை பிடிக்கக் காத்திருப்பதில்லை.

இதோடு சேர்ந்தது அன்பளிப்பு அறிவிப்பு. துகிலுரியும் காட்சியில் திரௌபதி கைகூப்பி அழுது பாடும்போது, "மேலத்தெரு இன்னார் ரூபாய் நூறு" என்று மைக் குறுக்கே விழும். சில குழுக்கள் கோபப்பட்டு அன்பளிப்பையே தடை செய்துவிடுகின்றன. அதுவும் தவறு. கூத்தாடிக்குக் கையில் கிடைக்கும் பணம் அது, கொடுப்பவருக்கும் அது ஒரு சந்தோஷம். நாங்கள் ஒரு நோட்டில் பெயரை எழுதிக்கொண்டு, கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் களரிக்கு (ஆடுகளத்துக்கு) வந்து பேசும் இடைவெளியில் மொத்தமாகச் சொல்லச் சொல்கிறோம். கட்டியக்காரன் அதையே கிண்டலும் கேலியுமாக ஒரு காட்சி ஆக்கிவிடுகிறார். யாருக்கும் மனவருத்தம் இல்லை.

"சுருக்கமா முடிச்சிடுங்க"

விடிய விடிய ஆடும் கூத்தை இரண்டு மணி நேரத்தில் முடிக்கச் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. சுருக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப தம்பிரானின் குழு நகர மேடைகளுக்கு ஏற்றபடி நேரத்தைக் குறைத்தும் ஆடியது, கூத்தின் கம்பீரம் குறையவில்லை. ஆனால் அது வாத்தியார் யோசித்துச் செய்யும் வேலை. எந்தப் பாட்டை விடலாம், எந்த விருத்தத்தை விட்டால் கதை அறுந்துபோகும் என்பது அவருக்குத்தான் தெரியும். கூத்து நடந்துகொண்டிருக்கும்போது ஒரு குழு உறுப்பினர் போய் ஆர்மோனியக்காரர் காதில் "சீக்கிரம், சீக்கிரம்" என்பது அவமரியாதை. நேரம் குறைவு என்றால் பாக்கு வைத்துக் கூத்தைப் பேசி முடிக்கும் அன்றே சொல்லிவிட வேண்டும். முழுக் கதையை நறுக்குவதைவிட, கதையில் ஒரு பகுதியை மட்டும் முழுதாக ஆடச் சொல்வது நல்லது.

அனுமதி விஷயம்

கூத்துக்கு முன் கதை வசனத்தைக் காவல் நிலையத்தில் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். 1954-ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தில் அப்படி இருந்தது. பரீக்‌ஷா நாடகக் குழுவை நடத்திய ஞாநி தொடுத்த வழக்கில், 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்று சொல்லிவிட்டது. அதனால் யாராவது வசனப் பிரதி கேட்டால் பணிவாக இதை எடுத்துச் சொல்லலாம்.

ஒலிபெருக்கி வேறு விஷயம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, திறந்த வெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்வு தரலாம், அவ்வளவுதான். கோயில் கூத்து காலங்காலமாக நடக்கிறது, யார் கேட்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டால், நடுராத்திரியில் ஒரு புகார் வந்ததும் கூத்து நின்றுவிடும். முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். கூம்பு ஒலிபெருக்கியை மறந்துவிடுங்கள். நாங்கள் பன்னிரண்டு மணிக்கு மைக்கை அணைத்துவிட்டு, பாயைக் களரிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தோம். முகவீணைக் குழலும் பின்பாட்டும் அப்படிக் கேட்டதே இல்லை என்று பெரியவர்கள் சொன்னார்கள். மைக் வராத காலத்தில் பிறந்த கலைதானே இது.

பணம்

பொருளாளரின் சொந்தக் கணக்குக்கே ஜிபேயில் வசூல் செய்வது எல்லாரும் செய்யும் தவறு. அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் ஒருநாள் கேள்வி வரும், அவர் மனம் நோகும், ஒரு நல்ல ஆளை இழப்போம். சங்கமாகப் பதிவு செய்ய 7 பேர் போதும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி உறுப்பினர்கள் 20 பேருக்குக் குறையாமல் இருந்தாலோ, ஆண்டு வரவோ செலவோ 10,000 ரூபாயைத் தொட்டாலோ பதிவு செய்தே ஆக வேண்டும். ஒரே ஒரு கூத்து வைத்தாலே அந்தத் தொகையைத் தாண்டிவிடும். பதிவு செய்தபின் ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யாமல் விட்டுவிடுவது அடுத்த தவறு.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. சிங்கப்பூரிலோ கனடாவிலோ இருக்கும் நம்மூர்க்காரர் இந்திய பாஸ்போர்ட்டோடு இருந்து, தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. அவர் அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால் அந்தப் பணம் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க மத்திய அரசிடம் தனியாகப் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். ஆசையாகக் கொடுக்கிறார் என்று வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

மழைக்காலத்தில் காணாமல் போவது

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். பங்குனி முதல் ஆடி வரை குழுவின் வாட்சப்பில் ஓயாமல் செய்தி வரும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு சத்தமும் இருக்காது. கூத்தாடிக்குக் கை காய்ந்திருப்பது அந்த மாதங்களில்தான். எங்காவது கருமாதிக்குக் கர்ண மோட்சம் கூப்பிட்டால்தான் உண்டு. ஒரு குழு உண்மையில் ஆதரவாக இருக்கிறதா என்பதை நான் கார்த்திகை மாதத்தில்தான் பார்க்கிறேன்.

செய்வதற்குப் பெரிய பணம் தேவையில்லை. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007-இலேயே வந்துவிட்டது. பிள்ளைகள் படிப்பு, திருமணம், மூக்குக் கண்ணாடி, விபத்து, இறப்பு என்று உதவிகள் உண்டு. 18 முதல் 60 வயதுக்குள் உறுப்பினராகச் சேர வேண்டும். பலர் சேராததற்குக் காரணம் அலட்சியம் இல்லை, காகிதம். பெண் வேஷம் கட்டும் ஒரு பெரியவரின் வீட்டுக்கு ஒரு மழைநாளில் போனோம். மஞ்சள் பைக்குள் பாலித்தீன் கவர், அதற்குள் மடித்து மடித்து நைந்துபோன காகிதங்கள். ஊர் கூப்பிடும் பெயர் ஒன்று, நோட்டீசில் அச்சடிக்கும் பெயர் ஒன்று, ஆதாரில் வேறொன்று. முப்பது வருஷமாக ஆடியதற்கு அத்தாட்சியாக அவரிடம் இருந்தவை கூத்து நோட்டீசுகள் மட்டும்தான், அவற்றில் ஒன்றில்கூட ஆதார்ப் பெயர் இல்லை. அடுத்த இரண்டு மாதம் எங்கள் குழுவில் ஒருவர் அவரை பைக்கில் ஏற்றிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாகப் போனார். நாங்கள் செய்தவற்றிலேயே உருப்படியான வேலை என்று அதைத்தான் சொல்வேன்.

அதிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. எங்கள் நோட்டீசில் வேஷக்காரர், மேளக்காரர், பின்பாட்டுக்காரர் எல்லார் பெயரையும் ஆதாரில் உள்ளபடி, பட்டப் பெயரோடு சேர்த்து அச்சடிக்கிறோம். கூத்துக்குக் கூத்து எல்லாருக்கும் ஒரு நோட்டீஸ் கொடுத்துவிடுகிறோம். நீங்களும் செய்யுங்கள், செலவே இல்லை.

எந்தத் தெருவில் கூடுகிறோம்

பல ஊர்களில் கோயில் திருவிழாவுக்குத் தலித் மக்கள் வாழும் காலனியில் வரி வாங்க மாட்டார்கள். வாங்காமல் விடுவது சலுகை இல்லை, விலக்கி வைப்பது. கலைக்காகத் தொடங்கிய குழு அந்தக் கோட்டை அப்படியே தன் நோட்டில் வரைந்துகொண்டால் அதைவிடப் பெரிய தவறு கிடையாது. "நாங்க யாரையும் வரக்கூடாதுன்னு சொல்லலையே" என்பது போதாது. கூட்டம் எப்போதும் ஊர்த்தெருவில் ஒருவர் வீட்டுத் திண்ணையிலேயே நடந்தால், சொல்லாமலே சொன்னதாகத்தான் ஆகும். நாங்கள் கூட்டத்தைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினோம். ஒரு வருஷம் கூத்தை ஊர்த்தெருவுக்கும் காலனிக்கும் பொதுவான ஏரிக்கரை மைதானத்தில் வைத்தோம். இரண்டு பேர் குழுவை விட்டுப் போனார்கள், போகட்டும் என்று விட்டோம். பதினேழு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். அதில் ஐந்து பேர் பெண்கள். வந்த முதல் கூட்டத்திலேயே அவர்கள் கேட்டது, ராத்திரி முழுக்கக் கூத்து வைக்கிறீர்களே, பெண்களுக்குக் கழிப்பறை எங்கே என்று. அதுவரை எங்கள் யாருக்கும் அது தோன்றியதில்லை.

பிள்ளைகள், அப்புறம் செல்போன்

பள்ளிப் பயிற்சியில் முதல் நாளே பிள்ளைகளுக்குக் கிரீடம் வைத்துப் படம் எடுக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். கிரீடம், புஜக்கட்டை போன்ற கட்டை அணிகள் விளையாட்டுப் பொருள் இல்லை, வேஷக்காரர்கள் தொட்டுக் கும்பிட்டுக் கட்டுவது. தாளமும் அடவும் காலில் ஏறட்டும், கிறிக்கி போட்டு வேகமாகச் சுழன்றாலும் தலை சுற்றாமல் நிற்கட்டும். வாத்தியார் எப்போது சொல்கிறாரோ அப்போது வேஷம்.

வீடியோ எடுப்பதற்கு முன் ஜமாவிடம் கேளுங்கள். முழு ராத்திரியையும் யூடியூபில் ஏற்றுவதை விரும்பாத வாத்தியார்கள் உண்டு, விரும்பிக் கேட்பவர்களும் உண்டு.

விடிகாலை

கூத்து முடியும்போது குழுவில் பாதிப் பேர் தூங்கப் போயிருப்பார்கள். ஆடியவர்கள் அரிதாரத்தைக் கலைக்க எண்ணெயும் வெந்நீரும் கேட்டு ஆள் தேடுவார்கள். பேசிய பணத்தைக் கொடுக்க வேண்டியவரின் போன் அணைந்திருக்கும். அதனால் எங்கள் குழுவில் இரண்டு பேருக்கு ராத்திரி எந்த வேலையும் கிடையாது. அவர்கள் நாலு மணிக்கு எழுந்து வர வேண்டும். ஒருவர் கையில் தேங்காய் எண்ணெய், பழைய வேட்டித் துணி, அடுப்பில் தண்ணீர். இன்னொருவர் கையில் கவரில் போட்ட முழுப் பணம். டீயும் இட்லியும் ஆனதும் பெட்டிகளை வேனில் ஏற்றி, வண்டி புறப்படும் வரை அவர்கள் இருவரும் அங்கேயே நிற்பார்கள்.