காமராஜர் பத்தி எழுதறப்ப, பேசறப்ப பண்ணக்கூடாத தப்புங்க

ஜூலை 15 நெருங்கிட்டாலே புள்ளைங்க பேச்சுப்போட்டிக்கு எழுதித் தாங்கன்னு வந்து நிப்பாங்க, நாமளும் வாட்ஸ்அப்ல வந்தத அப்படியே காப்பி பண்ணிக் கொடுத்துடறோம், அதுல நிறைய தப்பு இருக்கு.

மேட்டூர் அணைய காமராஜர் கட்டினார்னு எழுதாதீங்க. அது 1934லயே வெள்ளக்காரன் காலத்துல முடிஞ்சது. வைகை, சாத்தனூர், கிருஷ்ணகிரி, மணிமுத்தாறுன்னு அவர் ஆட்சியில வந்த அணைங்களே போதுமே, இல்லாதத எதுக்கு சேர்க்கணும்?

மதிய உணவும் அப்படித்தான், அத காமராஜர்தான் முதல்ல ஆரம்பிச்சார்னு எழுதாதீங்க. 1920லயே நீதிக்கட்சி கையில இருந்த சென்னை மாநகராட்சி, தியாகராயர் தலைமையில ஆயிரம் விளக்கு ஸ்கூல்ல சாப்பாடு போட்டுச்சு. காமராஜர் 1956ல அத மாநிலம் முழுக்க கொண்டுபோனார், ஊர்மக்கள் கொடுத்த அரிசியையும் காசையும் சேர்த்து நெ.து.சுந்தரவடிவேலு மாதிரி அதிகாரிங்க ஊர் ஊரா அலைஞ்சு நடத்தினாங்க. சத்துணவுங்கற பேரு 1982ல எம்ஜிஆர் ஆட்சியில வந்தது. மூணையும் ஒண்ணாக் குழப்பிடாதீங்க.

அடிக்கடி பாக்கற இன்னொரு தப்பு, 1967ல அவர் முதலமைச்சரா இருந்து தோத்தார்ங்கறது. 1963 அக்டோபர் 2லயே கட்சி வேலைக்காக பதவிய விட்டுட்டார், அதுதான் கே பிளான்ங்கற காமராஜர் திட்டம், அதுக்கப்புறம் பக்தவத்சலம்தான் முதலமைச்சர், இவர் 1964ல அகில இந்திய காங்கிரஸ் தலைவர். 1965 மொழிப்போராட்டம், அரிசித் தட்டுப்பாடு, அந்தக் கோபமெல்லாம் சேர்ந்து விருதுநகர்ல சீனிவாசன்ங்கற இளைஞர்கிட்ட 1285 ஓட்டுல தோத்தார். அதோட கதை முடிஞ்சுதுன்னும் எழுதாதீங்க, 1969லயே நாகர்கோவில் இடைத்தேர்தல்ல ஜெயிச்சு எம்பி ஆனார்.

எனக்கு ரொம்ப வருத்தமான தப்பு ஒண்ணு இருக்கு. கதர் சட்ட, வேட்டி, ஏழ்மை, இதையே திருப்பித் திருப்பி சொல்லி அவர வெறும் நல்ல மனுஷனா மட்டும் காட்டிடறோம். ஆறாம் கிளாஸோட படிப்ப விட்டவர்தான், ஆனா 1940லேர்ந்து பதினாலு வருஷம் தமிழ்நாடு காங்கிரஸையே கையில வச்சிருந்த ஆளு, எந்த ஊர்ல யாருக்கு என்ன செல்வாக்குன்னு தெரிஞ்சு வச்சிருந்தவர். 1954ல முதலமைச்சராகறதுக்கான காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தல்ல தன்ன எதிர்த்து நின்ன சி.சுப்பிரமணியத்தையும் அவர முன்மொழிஞ்ச பக்தவத்சலத்தையும் மந்திரியாக்கினார். எட்டே பேர் மந்திரிசபை. அது பெருந்தன்மைதான், ஆனா கூடவே எவ்வளவு கூர்மையான கணக்குன்னும் பாருங்க, எதிரணின்னு ஒண்ணே இல்லாம போச்சு.

நேரு இறந்தப்ப மொரார்ஜி தேசாய் பிரதமராகத் தயாரா இருந்தார். இவர் எம்பிங்க, முதலமைச்சர்ங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் பேசிக் கேட்டு, ஓட்டெடுப்பே இல்லாம சாஸ்திரிய கொண்டுவந்தார். 1966ல சாஸ்திரி இறந்தப்ப ஓட்டெடுப்பு நடந்துச்சு, இந்திராவுக்கு 355, மொரார்ஜிக்கு 169, அதுக்குப் பின்னாடியும் இவர்தான். இத்தனைக்கும் தனக்கு அந்த நாற்காலி வேணாம்னு விலகி நின்னவர்.

இங்கயே நிறுத்திட்டு கடைசிவரைக்கும் இந்திராவோட இருந்தார்னு முடிச்சிடறாங்க. 1969ல கட்சி உடைஞ்சப்ப அவர் ஸ்தாபன காங்கிரஸ் பக்கம், இந்திராவுக்கு எதிரணி. தான் கொண்டுவந்த இந்திராவே நாட்டுல எமர்ஜென்சி போட்டிருந்த நேரத்துல, 1975 அக்டோபர் 2ல போய்ச் சேர்ந்தார். பாரத ரத்னா கொடுத்தது 1976ல, அத அவர் பாக்கல.