கஃபா மொழி கற்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

எத்தியோப்பியாவின் தென்மேற்கில், போங்கா ஊரில் பாடம் எடுக்கப் போயிருக்கும் தம்பி ஒருவர், தான் கஃபா மொழி கற்கும் நோட்டைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். அழகான கையெழுத்து. பக்கம் முழுக்கத் தமிழ் எழுத்து. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அங்கே வேலை பார்த்த காலத்தில் இதே கூத்தை நானும் செய்திருக்கிறேன். வணக்கம் சொல்லத் தெரியாமல் முழிப்பதெல்லாம் தானாகச் சரியாகிவிடும். ஆகாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்வது

இதற்கு நான் கொடுத்த விலை ஆறு மாத உழைப்பு. இன்னும் எரிச்சலாக வருகிறது.

நம்மை ஏமாற்றுவது அந்த மொழியின் நெடில்தான். கஃபாவில் குறிலும் நெடிலும் வேறு, ஒற்றை மெய்யும் இரட்டித்த மெய்யும் வேறு. மற்ற வெளிநாட்டு ஆசிரியர்கள் அதில் தடுமாறும்போது நாம் கேட்டதும் பிடித்துவிடுவோம். அந்தத் தெம்பில் பேனாவை எடுத்து 'ப' என்று எழுதுவோம். எந்தப் ப?

காப்பிக்கு அவர்கள் சொல் 'புனோ'. முதல் எழுத்தை 'புத்தி'யில் வரும் பு போல ஒலிக்க வேண்டும். 'புலி'யில் வருவதுபோல ஒலித்தால் தப்பு. இந்த இரண்டோடு மூன்றாவதாக ஒரு ப உண்டு. தொண்டையை ஒரு கணம் அடைத்து, புட்டி மூடி தெறிப்பதுபோல விடும் ஒலி. க, ட வரிசைகளிலும் இதே கதை. ஆக, ஒன்பது ஒலிகளை மூன்று எழுத்துக்குள் அடைத்திருந்தேன்.

வீட்டுக்கார அம்மாவிடம் ஒருநாள் என் நோட்டைப் பெருமையாக வாசித்துக் காட்டினேன். முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்று, பாவம் என்பதுபோலப் பார்த்தார். பாதிச் சொற்கள் அவருக்குப் புரியவே இல்லை. கேட்ட ஒலி நினைவிலும் இல்லை, தாளிலும் இல்லை. ஒலிப்பதிவும் செய்யவில்லை. அத்தனையும் மறுபடி முதலிலிருந்து.

எத்தியோப்பியாவில் பரவலாகப் பேசும் அம்ஹாரிக் மொழியை எழுதும் எத்தியோப்பிய எழுத்தில் அந்தத் தெறிக்கும் ஒலிகளுக்குத் தனி எழுத்துகள் உண்டு. முன்பு கஃபாவையும் அதில் எழுதினார்கள். இப்போது பள்ளியில் லத்தீன் எழுத்து. இரண்டில் ஒன்றைக் கற்றுக்கொண்டு போங்கள். உள்ளங்கையை வாய்க்கு நேரே வைத்துப் பழகுங்கள், தெறிக்கும் ஒலியில் மூச்சுக்காற்று கையில் படாது. அது கைவரும்வரை ஒலிப்பதிவை அழிக்காதீர்கள்.

அம்ஹாரிக் தெரிந்தால் போதும் என்பது

போதாது. அம்ஹாரிக் அரபியும் சேர்ந்த செமித்தியக் கிளை, கஃபா ஓமோத்தியம் என்ற வேறு கிளை. 1897இல் எத்தியோப்பியப் பேரரசர் மெனெலிக்கின் படை கஃபா நாட்டைப் பிடித்து, கடைசி மன்னர் காகி ஷெரோச்சோவைச் சிறைப்படுத்தியது. அதன்பின் அரசு அலுவலக மொழி அம்ஹாரிக் என்றாகிவிட்டது. அந்தப் பழக்கத்தில் வெளியாளைக் கண்டதும் அதில்தான் பதில் சொல்வார்கள். நீங்களும் அதிலேயே கேட்டால் உங்கள் சொற்பட்டியலில் அம்ஹாரிக் சொற்கள்தான் நிரம்பும்.

'காப்பி என்ற சொல்லே உங்கள் ஊர்ப் பெயர்தானே?'

கேட்காதீர்கள். காப்பிச் செடி அந்தக் காடுகளில் தானாக வளர்வது உண்மை. பெயர் அரபியின் 'கஹ்வா' வழியே வந்தது என்பதுதான் வலுவான கருத்து. மொழிக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'கஃபி நோனோ'. நோனோ என்றால் வாய், மொழி என்றும் பொருள். காப்பி அதில் எங்கும் இல்லை.

ஷெக்காவைக் கிளைமொழி என்பது

ஷெக்கா, பக்கத்து ஷெக்கா மக்களின் மொழி. அவர்களுடைய மாஷா ஊரில் அது கஃபாவின் கிளைமொழி என்று சொல்லிப் பாருங்கள். பேச்சு நெருக்கமானதுதான், ஆனால் அவர்கள் தங்களைத் தனி மக்கள் என்கிறார்கள்.

ஒரே வாசலில் கேட்பது

மஞ்ஜோ மக்களும் கஃபாதான் பேசுகிறார்கள். வேட்டையாடிகள் என்று காலங்காலமாக ஒதுக்கப்பட்டவர்கள், சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடவும் விடாமல். நமக்குத் தெரியாத கதையா இது? என் முதல் பட்டியலுக்குச் சொல் கொடுத்தவர்களில் ஒரு மஞ்ஜோகூட இல்லை. யாரும் தடுக்கவில்லை. என்னை அழைத்துப் போனவர்கள் அந்த வீடுகள் பக்கம் திரும்பவில்லை, நானும் கேட்கவில்லை.

தம்பிக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். 'சரிண்ணா, ஆனா நாற்பது பக்கம் எழுதிட்டேனே' என்று பதில் வந்தது.